சிறுநீரில் கால்சியம் 412, டி-ஸ்கோர் மைனஸ் 3.1: அம்மா கால்சியம் சாப்பிடலாமா, கூடாதா?

பலகாரப்பெட்டி | 20 ஏப்ரல், இரவு 10:12

வணக்கம். இங்கே பல வருஷமாகப் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று எழுத வேண்டியதாகிவிட்டது.

அம்மாவுக்கு 62 வயது, எடை 52 கிலோ. அப்பாவோடு காரைக்குடியில் இருக்கிறார். நான் கோயம்புத்தூரில். மாசி மாதம் பின்கட்டில் வழுக்கிக் கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. விழுந்தது ஒரு படி உயரம்தான். "இதுக்கெல்லாம் எலும்பு உடையக்கூடாதே" என்று எலும்பு டாக்டர், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அந்த அடர்த்தியைச் சொல்லும் டி-ஸ்கோர் முதுகெலும்பில் மைனஸ் 3.1, இடுப்பில் மைனஸ் 2.6. மைனஸ் கூடக் கூட எலும்பு பலவீனம் என்று அர்த்தமாம். கால்சியம் 500 காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். கூடவே, எலும்பு வளர்வதற்காகத் தினமும் போட்டுக்கொள்ளும் டெரிபாரடைட் ஊசியை ஆரம்பிக்கலாம் என்றார்.

அம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்திருக்கிறது. அதைச் சொன்னதும் கல் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் 24 மணி நேரச் சிறுநீர் பரிசோதனை செய்யச் சொன்னார். ரிப்போர்ட் இதுதான்:

சிறுநீர் 2,350 மி.லி., கால்சியம் 412 மி.கி., சோடியம் 230 மில்லிமோல், கிரியேட்டினின் 1,150 மி.கி. ரத்தத்தில் கால்சியம் 9.8, கிரியேட்டினின் 0.7.

அதைப் பார்த்துவிட்டு அவர், "கால்சியம் மாத்திரையை இன்னைக்கே நிறுத்துங்க, பால் தயிரும் வேண்டாம்" என்றார். எலும்பு டாக்டரோ, "நிறுத்தினா அடுத்து இடுப்பு உடையும்" என்கிறார். இருவரும் ஒரே கட்டடம், ஒரே மாடி, ஒருவரிடம் ஒருவர் பேசிக்கொள்ள மட்டும் மாட்டார்கள். அம்மா இரண்டு சீட்டையும் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, "நீ படிச்சவ, ஒரு முடிவு சொல்லு" என்கிறார். நான் படித்தது பி.காம்.

பிரண்டைநேசன் | 20 ஏப்ரல், இரவு 10:40

மாத்திரையே வேண்டாம் சகோதரி. வாரம் மூன்று நாள் பிரண்டைத் துவையல், தினம் ஒரு எள்ளுருண்டை. எங்கள் பாட்டி 91 வயதில் கிணற்றில் தண்ணீர் இறைத்தார்.

கறிவேப்பிலை | 20 ஏப்ரல், இரவு 11:05

தயவுசெய்து நீங்களாக எதையும் முழுசாக நிறுத்திவிடாதீர்கள். என் நாத்தனாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். கல் வந்துவிடும் என்று பயந்து கால்சியத்தை நிறுத்திவிட்டார், பால் பக்கமும் போகவில்லை. அந்த நேரத்தில் எலும்புக்கு டெனோசுமாப் ஊசி போட்டார்கள். நிறுத்தியதை இவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்குள் உதட்டைச் சுற்றி மரத்துப்போய், கை விரல்கள் கோழிக்கால் மாதிரி இழுத்துக்கொண்டன. அவசரப் பிரிவில் சேர்த்து நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றினார்கள். எலும்பிலிருந்து கால்சியம் ரத்தத்துக்கு வருவதை அந்த ஊசி அடைக்கிறது. சாப்பாட்டிலிருந்தும் வரவில்லை என்றால் ரத்தம் எங்கே போகும்?

பைப்பெட் | 21 ஏப்ரல், காலை 5:50

31 வருஷம் லேபில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு மருந்து தெரியாது, ரிப்போர்ட் தெரியும்.

பலகாரப்பெட்டி, உங்கள் ரிப்போர்ட்டில் எல்லாரும் 412-ஐப் பார்த்திருக்கிறார்கள். நான் முதலில் பார்த்தது கிரியேட்டினின். அது தசையிலிருந்து வருவது, ஒருவருக்கு நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. பெண்களுக்குக் கிலோவுக்கு 15 முதல் 20 மி.கி. வரை எதிர்பார்ப்போம், வயதானவர்களுக்கு அதற்கும் குறையும். 52 கிலோ, 62 வயது என்றால் 800, 900 வந்தால் சரி. உங்களுக்கு 1,150 வந்திருக்கிறது. அம்மா பயில்வான் இல்லையென்றால், அந்தக் கேனில் 24 மணி நேரத்துக்கு மேல் பிடித்திருக்கிறீர்கள்.

எப்படிப் பிடித்தீர்கள்? காலையில் எழுந்ததும் போன முதல் சிறுநீரைக் கொட்டினீர்களா, கேனில் சேர்த்தீர்களா?

பலகாரப்பெட்டி | 21 ஏப்ரல், காலை 9:15

அப்பாவிடம் போனில் கேட்டேன். அவர்தான் பொறுப்பாளர். ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்ததும் பிடித்தது முதல், திங்கள் காலை ஆறு மணிக்கு எழுந்ததும் பிடித்தது வரை எல்லாம் கேனில். "ஒரு சொட்டு வீணாக்கலை" என்று பெருமையாக வேறு சொன்னார். லேபில் சொன்னது ஒரே வரி: "காலைல ஆரம்பிச்சு மறுநாள் காலைல கொண்டாங்க."

பைப்பெட் | 21 ஏப்ரல், காலை 9:48

அதேதான். ஞாயிறு காலைச் சிறுநீர் சனி ராத்திரி முழுக்கத் தேங்கியது. அது அந்த நாள் கணக்கில் வரக்கூடாது. எழுந்ததும் முதல் தடவை போவதைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு போவதெல்லாம் கேனில். மறுநாள் அதே நேரத்தில் கடைசியாக ஒரு முறை பிடித்து முடிக்க வேண்டும். நீங்கள் இரண்டு ராத்திரியைச் சேர்த்து ஒரு நாள் என்று கொடுத்திருக்கிறீர்கள். தப்பு உங்களுடையது இல்லை, சொல்லிக் கொடுக்காதவர்களுடையது. என் காலத்தில் பாதிக் கேன்கள் இப்படித்தான் வரும், இல்லையென்றால் மத்தியானத் தூக்கத்தில் ஒன்று விட்டுப்போய்க் குறைந்து வரும்.

இன்னொன்று, சில லேபில் கேனுக்குள் ஆசிட் ஊற்றிக் கொடுப்பார்கள். நேராக அதில் போகக்கூடாது. தனி மக்கில் பிடித்து ஊற்றச் சொல்லுங்கள்.

ஆனால் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். கிரியேட்டினின் 860 என்று வைத்து 412-ஐக் குறைத்தாலும் 300-க்குப் பக்கத்தில் நிற்கும். பெண்களுக்கு 250, ஆண்களுக்கு 300 மேல் வரம்பு என்பார்கள். எடைக்குக் கிலோவுக்கு 4 மி.கி. என்றும் ஒரு கணக்கு உண்டு, அந்தக் கணக்கில் அம்மாவுக்கு 208. ஆக, கால்சியம் கூடுதலாகப் போவது உண்மை, எவ்வளவு என்பதுதான் பொய்.

அடுத்து அந்த சோடியம். 1 கிராம் உப்பில் 17 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. 230-ஐ நம்ப வேண்டாம், அதே விகிதத்தில் குறைத்து 170 என்றே வைப்போம். நாளுக்கு 10 கிராம் உப்பு! உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். சிறுநீரகம் சோடியத்தை வெளியே அனுப்பும்போது கால்சியமும் கூடவே போகும். 100 மில்லிமோல் சோடியத்துக்கு ஏறக்குறைய 40 மி.கி. கால்சியம் என்பது பொதுவான கணக்கு. வீட்டில் 1 கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள்.

வடமராட்சியான் | 21 ஏப்ரல், மாலை 6:20

தங்கச்சி, நான் லண்டனிலை இருக்கிறன். எனக்கும் இதே வருத்தம்தான், கொஞ்சம் இளம் வயதிலை வந்தது. 44 வயதிலை முதுகெலும்பு ஒன்று நசிந்தது. தேடிப் பார்த்தால் சலத்திலை, அதுதான் உங்கடை சிறுநீரிலை, கல்சியம் 380. வேறு ஒரு காரணமும் அகப்படவில்லை. காரணம் தெரியாத மிகை என்று ஒரு பெயர் வைத்திருக்கினம்.

எனக்கு வைத்தியர் கீறிக் காட்டினது இதுதான். நாளொன்றுக்கு 800 மி.கி. கல்சியம் சாப்பிட்டால் குடல் அதிலை கால்வாசியைத்தான் உறிஞ்சும், 200 என்று வையுங்கோ. சலத்தாலை 300 போகுது. மிச்ச 100 எங்கேயிருந்து வரும்? எலும்பிலை இருந்துதான். இப்ப கல்லுக்குப் பயந்து சாப்பாட்டுக் கல்சியத்தை 400 ஆக்கினால் சலத்திலை போவது கொஞ்சம் குறையும், ஆனால் அதே அளவுக்குக் குறையாது. எலும்பு இன்னும் கூடக் கொடுக்க வேண்டி வரும்.

கல்லுக்கும் அது நல்லதில்லை. குடலிலை கல்சியம் இருந்தால்தான் கீரையிலும் கொட்டைகளிலும் வாற ஒக்சலேற்றைப் பிடிச்சு மலத்தோடை அனுப்பும். இல்லாட்டி ஒக்சலேற் இரத்தத்துக்குப் போய், சிறுநீரகத்திலை கல்சியத்தோடை சேர்ந்து கல்லாகும். இத்தாலியிலை பார்மா நகரத்திலை ஓர் ஆய்வு செய்து 2002 இலை வெளியிட்டவை. கல் திரும்பத் திரும்ப வாற, சலத்திலை கல்சியம் கூடின 120 ஆண்கள். பாதிப் பேருக்கு நாளுக்கு 400 மி.கி. கல்சியம். மற்றப் பாதிக்கு 1,200, ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. 5 வருசத்திலை கல்சியம் குறைச்ச 60 பேரிலை 23 பேருக்குத் திரும்பக் கல். மற்றப் பக்கம் 12 பேருக்குத்தான்.

பிரண்டைநேசன் | 21 ஏப்ரல், இரவு 7:02

இத்தாலிக்காரன் ஆணுக்குச் செய்தது காரைக்குடி அம்மாவுக்குப் பொருந்துமா? அதோடு, உப்பும் கறியும் குறைத்ததால் கல் குறைந்ததா, கால்சியம் சாப்பிட்டதால் குறைந்ததா என்று எப்படித் தெரியும்?

வடமராட்சியான் | 21 ஏப்ரல், இரவு 7:30

நல்ல கேள்வி தம்பி. இரண்டையும் பிரிச்சுச் சொல்ல அந்த ஆய்வாலை ஏலாது, அது ஆண்களிலை செய்ததும் மெய்தான். ஆனால் பாலையும் தயிரையும் விட்டால் கல் குறையும் என்ற பழைய கதையை அது உடைச்சுப் போட்டுது. எனக்கு வேண்டியது அதுதான்.

மருந்துக்கடைக்காரன் | 21 ஏப்ரல், இரவு 9:55

கடையை அடைத்துவிட்டு வந்தேன். வடமராட்சியான் அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சாப்பாட்டுக் கால்சியமும் மாத்திரைக் கால்சியமும் ஒன்று போல நடந்துகொள்வதில்லை. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் செய்த பெரிய ஆய்வு 2006-ல் வந்தது. கார்பனேட் மாத்திரையாக 1,000 மி.கி. கால்சியமும் 400 ஐ.யு. வைட்டமின் டி-யும் எடுத்தவர்களுக்குக் கல் வாய்ப்பு 17 சதவீதம் கூடியது. அதனால் கல் டாக்டர் பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. மாத்திரையோடு பாலையும் சேர்த்து நிறுத்தச் சொன்னதுதான் சரியில்லை.

எங்கள் கடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கால்சியம் மாத்திரையைப் படுக்கும்போது வெறும் வயிற்றில் போடுகிறார்கள். கார்பனேட் வகை கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அது சாப்பாட்டோடு வரும். சாப்பாட்டோடு போட்டால்தான் அந்த ஆக்சலேட்டையும் பிடிக்கும். ஒரே நேரத்தில் 500-க்கு மேல் போட்டால் உறிஞ்சுவது குறையும். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி. என்று இருக்கும். பயப்பட வேண்டாம், அதில் 40 சதவீதம்தான் கால்சியம், அதாவது 500. தைராய்டு மாத்திரை போடுகிறவர் என்றால் இரண்டுக்கும் நடுவில் 4 மணி நேரம் விட வேண்டும்.

முக்கியமான கேள்வி: அம்மா சாப்பிடும் எல்லா மருந்தையும் எழுதுங்கள். மருந்து என்று நீங்கள் நினைக்காததையும் சேர்த்து. பிரஷருக்கு ஃப்யூரோசமைடு, மூச்சுக்கு ஸ்டீராய்டு, வைட்டமின் பவுடர், எது இருந்தாலும்.

பலகாரப்பெட்டி | 23 ஏப்ரல், இரவு 8:30

இரண்டு நாள் லீவு போட்டு ஊருக்கே வந்துவிட்டேன். அம்மாவின் மருந்து டப்பா பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றும், பிளாஸ்டிக் பை ஒன்றும். பையில் ஒரு கட்டு சின்னச் சின்னப் பாக்கெட், வைட்டமின் டி3, 60,000 ஐ.யு.

போன வருஷம் ஜூனில் முழங்கால் வலிக்கு எழுதியது. சீட்டைத் தேடி எடுத்தேன். "வாரம் ஒன்று, 8 வாரம்" என்று இருக்கிறது. எட்டு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அப்பா, "அது எட்டுன்னு தெரியும்மா. ஆனா முடிஞ்சதும் நிறுத்தணும்னு யாரும் சொல்லலியே, சத்து மருந்துதானேன்னு வாங்கிட்டேன்" என்கிறார். பத்து மாதமாக வெள்ளிக்கிழமை தவறாமல், கோவிலுக்குப் போய்வந்து பாலில் கலந்து.

உப்புப் பாக்கெட் கணக்கும் எடுத்தேன். 1 கிலோ, இரண்டு பேருக்கு 57 நாள். ஆளுக்குக் கிட்டத்தட்ட 9 கிராம். இதில் ஊறுகாய் உப்பு சேரவில்லை, அது கல்லுப்பு, தனிப் பானை. பரணில் நார்த்தங்காய், மாவடு, கிடாரங்காய் என்று மூன்று ஜாடி. தினமும் அப்பளம், மோர் மிளகாய் இல்லையென்றால் சுண்டைக்காய் வற்றல். தயிர்சாதத்துக்கு மேலே தூவ ஒரு சிட்டிகை தனி. நான் சாப்பிட்டு வளர்ந்ததும் இதைத்தான், இதுவரை உறைக்கவே இல்லை.

மருந்துக்கடைக்காரன் | 23 ஏப்ரல், இரவு 9:10

60,000-ஐ 7-ஆல் வகுங்கள், நாளுக்கு 8,500-க்கு மேல். சாதாரணமாக நாளுக்குத் தேவை 600, 800. வைட்டமின் டி கூடினால் குடல் கால்சியத்தை அள்ளி எடுக்கும், மிச்சம் சிறுநீரில் போகும். பாக்கெட்டை நிறுத்திவிட்டு ரத்தத்தில் அளவு பாருங்கள். கூடவே பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்க வேண்டும். எலும்பு கரைந்து, சிறுநீரில் கால்சியமும் கூடி, கல்லும் வந்தால் கழுத்தில் உள்ள அந்தச் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று முதலில் விலக்க வேண்டும். ரத்தக் கால்சியமும் அந்த ஹார்மோனும் சேர்ந்து உயர்ந்திருந்தால் வழியே வேறு, பெரும்பாலும் அறுவை சிகிச்சை.

இதற்கு எலும்பு டாக்டரும் வேண்டாம், கல் டாக்டரும் வேண்டாம். நாளமில்லாச் சுரப்பி டாக்டரிடம் போங்கள். மதுரையில் கிடைப்பார்கள். இரண்டு சீட்டையும் கொண்டுபோய் ஒரே மேஜையில் வையுங்கள்.

கறிவேப்பிலை | 23 ஏப்ரல், இரவு 9:42

அம்மாவைத் திட்டாதீர்கள். அப்பாவையும்.

பிரண்டைநேசன் | 24 ஏப்ரல், காலை 7:15

டி பாக்கெட் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் எள், கீரை, கேழ்வரகில் கால்சியம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மருந்துக்கடைக்காரன் | 24 ஏப்ரல், மதியம் 2:20

யார் சொன்னது? கேழ்வரகு 100 கிராமில் 350-க்குப் பக்கம் கால்சியம் இருக்கிறது. எள்ளில் 1,000-க்கும் மேல், ஆனால் ஒரு உருண்டையில் எத்தனை கிராம் எள் இருக்கும் என்று பாருங்கள். கீரைக்குக் கீரை வித்தியாசம். பசலை, தண்டுக்கீரை வகைகளில் ஆக்சலேட் அதிகம். பாலில் இருப்பதில் கால் பங்குக்கு மேல் உடம்பு எடுக்கிறது என்றால், மேல்நாட்டுப் பசலையில் சோதித்தபோது 5 சதவீதம்தான் ஏறியது. கல் வரும் உடம்புக்கு முருங்கைக்கீரையை அளவோடு வைத்துக்கொண்டு, பால், தயிர், மோரை நம்புவது பத்திரம். 100 மி.லி. பாலில் 120 மி.கி. இருக்கிறது.

உங்கள் பிரண்டைக்கு வருகிறேன். நறுக்கும்போது கை அரிக்கிறதே, எதனால் என்று நினைக்கிறீர்கள்? கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். அதனால்தான் எண்ணெயில் வதக்கிப் புளி வைத்து அரைக்கிறோம். துவையல் ருசி, நானும் சாப்பிடுவேன். கல் இருக்கிறவருக்கு மருந்தாகத் தர மாட்டேன்.

பலகாரப்பெட்டி | 9 மே, இரவு 9:00

மறுபடி பிடித்தோம். இந்தத் தடவை முதலைக் கொட்டிவிட்டு. கிரியேட்டினின் 860, கால்சியம் 296, சோடியம் 172. பைப்பெட் ஐயா, நீங்கள் சோழி உருட்டிப் பார்த்தீர்களா? வைட்டமின் டி 94. பாராதைராய்டு ஹார்மோன் 22. லேப் சீட்டில் 15 முதல் 65 வரை சரி என்று இருக்கிறது.

பைப்பெட் | 9 மே, இரவு 9:25

வெறும் விகிதக் கணக்கு அம்மா. இந்த 296-ஐ வைத்துக்கொண்டு இனி எதையும் பேசலாம், 412-ஐக் கிழித்துப் போடுங்கள்.

பலகாரப்பெட்டி | 17 மே, மாலை 5:40

மதுரைக்குப் போய்வந்தோம். அந்த டாக்டர் நாற்பது நிமிஷம் பேசினார், அதில் பாதி நேரம் உப்பைப் பற்றி. அவர் சொன்னது சுருக்கமாக:

கழுத்துச் சுரப்பியில் கோளாறு இல்லை. வைட்டமின் டி நிறுத்தம். கால்சியம் நிறுத்தம் இல்லை! மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மி.கி. வேண்டும், அதில் முடிந்ததெல்லாம் சாப்பாட்டிலிருந்து. காபிக்கும் மோருக்கும் தயிருக்கும் சேர்த்து பால் அரை லிட்டர், அதில் 600. கேழ்வரகு, பருப்பு, மற்றவை ஒரு 200. மிச்சத்துக்கு ஒரே மாத்திரை, மத்தியானச் சாப்பாட்டு நடுவில். இரவு மாத்திரை ரத்து. தண்ணீர், சிறுநீர் இரண்டரை லிட்டர் போகும் அளவுக்கு. உப்பில்லாமல் எலுமிச்சை ஜூஸ், அதில் உள்ள சிட்ரேட் கல்லுக்கு நல்லதாம். இரண்டு மாதம் கழித்து மறுபடி கேன்.

டெரிபாரடைட் வேண்டாம் என்றார். நல்ல மருந்துதான், ஆனால் அது கால்சியத்தை மேலும் ஏற்றும், சமீபத்தில் கல் வந்தவர்களுக்கு யோசித்துத்தான் தர வேண்டும் என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகும் சிறுநீரில் குறையவில்லை என்றால் தயசைடு என்றொரு வகை மாத்திரை இருக்கிறது என்றார். யாராவது அதைச் சாப்பிட்டிருக்கிறீர்களா?

வடமராட்சியான் | 17 மே, இரவு 11:10

நான் ஆறு வருசமாய் எடுக்கிறன். இரத்த அழுத்தத்துக்குக் குடுக்கிற அதே குளிசைதான். சிறுநீரகம் கல்சியத்தைத் திருப்பி எடுக்கப் பண்ணும். எனக்கு 380 இலை இருந்து 210 ஆச்சு. சும்மா கிடைக்கேல்லை. முதல் மாதம் எழும்பினால் தலை சுத்தும், பொட்டாசியம் 3.2 க்கு இறங்கிப் போச்சு, பிறகு பொட்டாசியம் சிற்றேற் சேர்த்தவை. குளிசை எடுத்துக்கொண்டு உப்பையும் அள்ளிச் சாப்பிட்டால் பலன் இல்லை. அதையும் பட்டுத்தான் தெரிஞ்சன், ஒரு தைப்பொங்கல் கிழமை முழுக்கக் கருவாடு.

மருந்துக்கடைக்காரன் | 18 மே, காலை 8:00

வயதானவர்களுக்கு ரத்த சோடியமும் விழும். குழப்பமாகப் பேசுவார்கள், விழுவார்கள். விழாமல் இருக்கத்தானே இவ்வளவு பாடும்? அதனால் ஆரம்பித்தால் ரத்தப் பரிசோதனையும் கூடவே வேண்டும். இன்னொன்று, 2023-ல் சுவிட்சர்லாந்தில் கல் திரும்ப வந்த 416 பேரிடம் ஹைட்ரோகுளோரோதயசைடை மூன்று அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். கல் திரும்புவது வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி குறையவில்லை.

வடமராட்சியான் | 18 மே, மதியம் 1:15

அதை நானும் வாசிச்சன். கல்லுக்கு அப்பிடி. ஆனால் எனக்கு அதைத் தந்தது எலும்புக்காக, சலத்திலை போற கல்சியத்தைக் குறைக்க. அது குறைஞ்சிருக்கு. அந்த ஆய்வு அளந்தது எலும்பை இல்லை.

மருந்துக்கடைக்காரன் | 18 மே, இரவு 10:20

சரி, ஒப்புக்கொள்கிறேன். கல்லுக்கு என்று மட்டும் எழுதினால்தான் நான் கேள்வி கேட்பேன்.

கறிவேப்பிலை | 2 ஜூன், மாலை 4:30

அம்மா எப்படி இருக்கிறார்? அப்பளத்தை விட்டாரா?

பலகாரப்பெட்டி | 2 ஜூன், இரவு 9:50

பெரிய சண்டை. முதல் வாரம் அம்மா சாப்பிடவே இல்லை. ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "இது வெந்நீர்" என்றார். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தோம். சமையலில் உப்பைப் பாதியாக்காமல், வாரத்துக்குக் கால் கரண்டி குறைத்தோம். புளி, மிளகு, எலுமிச்சை தூக்கல். ஜாடி மூன்றும் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டன. நார்த்தங்காய் ஜாடியை மட்டும் அம்மா கையாலேயே கொடுத்தார், மூடியைத் துடைத்துத் துடைத்து. ஞாயிற்றுக்கிழமை ஒரு அப்பளம் உண்டு, அது ஒப்பந்தம்.

பலகாரப்பெட்டி | 26 ஜூலை, இரவு 8:15

மூன்றாவது கேன்: கிரியேட்டினின் 850, சோடியம் 104, கால்சியம் 214. வைட்டமின் டி 51-க்கு இறங்கிவிட்டது. தயசைடு இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பைப்பெட் ஐயா சொன்ன 208-ஐத் தாண்டி 6 மி.கி. இருக்கிறதே என்று கேட்டேன், சிரித்தார்.

பைப்பெட் | 26 ஜூலை, இரவு 8:40

கிரியேட்டினின் 860, 850. இரண்டும் ஒட்டி வந்திருக்கின்றன, பிடித்தது சரி. ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் கால்சியம் இதைவிடக் கூடுதலாக ஆடும், 6-க்கெல்லாம் கவலைப்படாதீர்கள். சோடியம் 68 குறைந்ததற்கு என் கணக்கில் ஒரு 27 மி.கி. போயிருக்கும். மிச்சம் அந்த வெள்ளிக்கிழமைப் பாக்கெட்டும் இரவு மாத்திரையும் என்று நினைக்கிறேன்.

மருந்துக்கடைக்காரன் | 26 ஜூலை, இரவு 10:05

எலும்புக்கு என்ன முடிவு? உப்பைக் குறைத்ததால் மைனஸ் 3.1 ஏறிவிடாது.

பலகாரப்பெட்டி | 26 ஜூலை, இரவு 10:30

எலும்பு கரைவதைத் தடுக்க, வருஷத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட், 5 மி.கி. வாரம் ஒரு மாத்திரை வகையும் இருக்கிறது, வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல், காபி குடிக்காமல் இருக்க வேண்டும் என்றார். காபி என்றதும் அம்மா ஊசியைத் தேர்ந்தெடுத்துவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியையும் சொன்னார், ஆனால் தேதி தவறக்கூடாதாம்.

கறிவேப்பிலை | 26 ஜூலை, இரவு 10:58

தேதி விஷயம் ரொம்ப முக்கியம். டெனோசுமாபைப் பாதியில் விட்டால் எலும்பு வேகமாகக் கரையும், முதுகெலும்பு ஒன்றுக்கு மேல் நசுங்கலாம். என் நாத்தனார் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். சோலெட்ரோனிக்குக்கு முன்னால் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எடுக்க வேண்டிய பல் இருந்தால் முதலில் எடுத்து ஆறட்டும். ஊசிக்குப் பிறகு கால்சியத்தை நிறுத்தவே கூடாது, மேலே எழுதினேனே.

பலகாரப்பெட்டி | 24 ஆகஸ்ட், இரவு 9:20

கடைவாய்ப் பல் ஒன்று எடுத்து, ஆறியதும், போன வாரம் ஊசி ஏற்றினார்கள். அரை மணி நேர வேலை. அன்றிரவு 101 டிகிரி காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. முதல் தடவை அப்படித்தான் வரும் என்று முன்னாலேயே சொல்லி பாராசிட்டமால் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் எழுந்து, "காபி குடு" என்றார். உதட்டில் மரமரப்பு இருக்கிறதா என்று நான் மணிக்கொரு தரம் போன் செய்ததில் போனையே எடுக்காமல் விட்டுவிட்டார்.

பிரண்டைநேசன் அண்ணா, பிரண்டைத் துவையல் மாதத்துக்கு ஒரு நாள் டாக்டர் அனுமதித்திருக்கிறார். உப்பு குறைவாக எப்படி அரைப்பது?

பிரண்டைநேசன் | 24 ஆகஸ்ட், இரவு 9:45

பிஞ்சுப் பிரண்டையாகப் பார்த்து நார் உரித்து நல்லெண்ணெயில் நன்றாக வதக்குங்கள். புளியும் மிளகாய் வற்றலும் ஒரு பங்கு கூட, தேங்காய் ஒரு கீற்று, கடைசியில் கடுகு உளுந்து தாளிப்பு. உளுந்து மொறுமொறுவென்று இருந்தால் உப்பு குறைந்தது தெரியாது. அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பைப்பெட் | 25 ஆகஸ்ட், காலை 5:45

அடுத்த கேன் எப்போது?

பலகாரப்பெட்டி | 25 ஆகஸ்ட், காலை 10:10

கார்த்திகையில், ஐயா. இப்போதே கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார் அப்பா. லேபில் புதுக் கேன் தருவார்கள் என்றாலும் கேட்கவில்லை. மூடியில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார்: "முதல் தடவை கொட்டு."